மங்கிய ரைல்: படிவா, தேய்வா?

யாழ் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடாக ஊறிவரும் கிணற்று நீர், குளியலறைச் சுவர் ரைலில் பட்டுக் காயும்போது வெண்படலம் ஒன்றை விட்டுச் செல்கிறது. அதைக் கண்டதும் நம்மவர் தேடுவது அசிட் போத்தலைத்தான். நானும் ஒருமுறை அப்படிச் செய்து, ரைல்களுக்கு இடையிலுள்ள சீமெந்தைக் கரைத்துவிட்டு மேசனிடம் ஏச்சு வாங்கினேன்.

முதலில் சோதித்துப் பாருங்கள். ஒரு ரைலின் நடுவே சிறிது வினாகிரி விடுங்கள். நுரைத்துப் படலம் இளகினால் அது சுண்ணாம்புப் படிவு, ரைலுக்குப் பழுதில்லை. இடைச் சீமெந்தை நன்கு நனைத்துவிட்டு, வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து துணியால் பூசுங்கள். பத்து நிமிடத்தில் துடைத்துக் கழுவுங்கள். மணலோ கம்பித்தும்போ வேண்டாம். உண்மையான மாபிள் கல்லுக்கு இது ஆகாது, அதுவும் சுண்ணாம்பே.

படலம் இளகாமல் மங்கலாகவே இருந்தால், பெரும்பாலும் மேற்பூச்சுத் தேய்ந்திருக்கும். அது சூளை வெப்பத்தில் மண்ணோடு உருகி ஒட்டிய கண்ணாடி. வீட்டில் மீள உண்டாக்க முடியாது. சிறு உடைவானால் இரண்டு நாள் உலரவிட்டு, அரத்தாளால் உரசி, எபொக்சிப் பசை நிரப்பி, எபொக்சி வர்ணம் பூசலாம். நிறம் சற்று வேறுபடும். பரவலாகத் தேய்ந்திருந்தால் ரைலை மாற்றுவதே நல்லது.

கரைந்த இடைச் சீமெந்தைப் பிற்போடாதீர்கள். அவ்வழியே இறங்கும் நீர் ரைலையே கழற்றிவிடும்.

அசிட்டையோ வினாகிரியையோ குளோரின் திரவத்துடன் ஒருபோதும் கலக்க வேண்டாம். எழும் நச்சுவாயு, கதவு சாத்திய சிறு அறையில் உயிரையே பறிக்கலாம்.