பொது நீரும் மேகக் கணினியும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபால், பழவேற்காடு ஏரியை அடுத்து அமைந்த ஊர்களுள் சுண்ணாம்புக்குளமும் ஒன்று. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இவ்வேரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் பரப்பால் இரண்டாவதாகும். கரைவாழ் மீனவர்க்கு நீரே நிலம், வலையே ஏர். ஆயினும் நீரில் வரப்பு இட இயலாது. ஆதலின் இவ்வேரியை நம்பி வாழ்ந்தோர் ‘பாடு’ என்னும் முறையை வகுத்தனர். மீன்படும் இடங்களில் இன்ன நாளில் இன்னார் வலை இடுவது என்று முறை வைத்து, ஒருவர் பாடு முடிந்தபின் மற்றொருவர் பாடு தொடங்குமாறு செய்தனர். நீர் ஒன்று, நுகர்வோர் பலர். எனினும் தம் முறை வந்த நாளில் அவ்விடம் அவர்க்கே உரியதுபோல் நிற்கும்.

இக்காலக் கணினி உலகிலும் இதனை ஒத்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பெரிய கணினியின் ஆற்றலை மென்பொருளால் பல கூறாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக் கணினிபோல இயங்கச் செய்யலாம். அக்கூற்றினை ‘மெய்நிகர் பொறி’ என்பர். ஐ.பி.எம். நிறுவனத்தார் இவ்வழியை 1960களில் ஆராய்ந்து, 1972இல் வி.எம்.370 என்னும் அமைப்பாக வெளியிட்டனர். ஒவ்வொரு மெய்நிகர் பொறியும் தனக்கெனத் தனி இயக்குதளம் உடையது; தன் அருகே வேறொன்று இயங்குவதை அது அறியாது.

நெடுங்காலம் நிறுவனங்கள் இத்தகைய பொறிகளைத் தம் கட்டடத்துள்ளேயே வைத்து நடத்தின. அதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும். மின்தடைக்கு மாற்று வேண்டும். இரவு பகல் காவல் வேண்டும். வேலை மிகும் நாளை எண்ணி வாங்கிய கணினி, வேலை குறைந்த நாளில் வாளா கிடக்கும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, பல பகுதிகளில் மின்னும் தொலைபேசியும் அற்றன. பதிவேடு முழுவதையும் ஓரிடத்தே வைப்பது, அவ்விடத்திற்கு வரும் இடுக்கணுக்கு அதனை ஈடுவைப்பதாகும். பழவேற்காட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1613இல் டச்சுக்காரர் இங்கு நிறுவிய கெல்டிரியா கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது. அவர்தம் வணிகக் கழகத்தின் ஆவணங்களோ கடல்கடந்து, தி ஹேக் நகரத்துக் காப்பகத்தில் இன்றும் உள.

இவ்விடர்களை நோக்கிப் பலர் நாடும் வழியே ‘பொது மேகக் கணினி’. பெயர் மேகமாயினும் அது வானில் இல்லை. மண்ணில் எழுந்த பெருங்கட்டடங்களில் அடுக்கிய கணினிகளே அது. அமேசான் நிறுவனம் 2006இல் இவ்வாறு கணினி ஆற்றலை வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் தத்தம் மேக நிலையங்களைத் திறந்தன. வேண்டிய பொழுது வேண்டிய அளவு பெற்று, பயன்படுத்திய அளவிற்குக் கட்டணம் செலுத்துவதே இதன் நெறி.

எனினும் குடிபெயர்தல் எளிதன்று. முதற்கண் தம்மிடம் உள்ள பொறிகள் எத்துணை, எப்பொறி எதனைச் சார்ந்து இயங்குகிறது என்று கணக்கெடுத்தல் வேண்டும். சம்பளப் பட்டியலை மேகத்திற்கு அனுப்பி, அதற்கு வேண்டிய வருகைப் பதிவைப் பழைய அறையிலேயே விட்டால் இரண்டும் தடுமாறும். அடுத்து, பயனற்றவற்றை ஒழித்து, பெயரக் கூடாதவற்றை இருந்தவிடத்தே நிறுத்தி, ஏனையவற்றை உள்ளவாறே கொண்டுசெல்வதா, புதுக்கி அமைப்பதா என்று துணிதல் வேண்டும். பின்னர்ப் பழைய பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் படியைப் புதிய இடத்தில் எடுத்து, ஒத்திகை பார்த்து, வேலை குறைந்த வேளையில் மாற்றுதல் முறை. பிழை நேரின் திரும்புதற்குப் பழைய பொறியைச் சில காலம் காத்தலும் வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் வரலாறு இதனை விளக்கும். 2008 ஆகஸ்டில் அதன் தரவுத்தளம் பழுதுற்று, மூன்று நாள் வட்டுகளை அனுப்ப இயலாது போயிற்று. அதன்பின் மேகத்திற்குப் பெயரத் துணிந்த அந்நிறுவனம், பழையதை அப்படியே தூக்கி வைக்காது புதுக்கி அமைத்தது. அப்பணி 2016 ஜனவரியில்தான் முற்றுப்பெற்றது.

பெயர்ந்த பின்னும் கவலை ஓயாது. அணைக்க மறந்த பொறிக்கும் கட்டணம் ஏறும். தரவினை வெளிக்கொணரவும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. கட்டடத்தைக் காப்பது உடையவர் கடன். தம் கதவினைப் பூட்டுவது குடியிருப்பவர் கடன். கடவுச்சொல்லைக் காவாதவர்க்கு எம்மேகமும் காவலாகாது. ஆதலின் யாவரும் பெயர்தல் வேண்டும் என்பதும் இல்லை. சென்னையை நடுவாகக் கொண்ட சோகோ நிறுவனம், தன் சொந்தத் தரவு மையங்களிலேயே தன் சேவைகளை நடத்துகிறது. 2010இல் சென்னையில் தோன்றிய பிரெஷ்வொர்க்ஸ் நிறுவனமோ அமேசானின் மேகத்தின்மேல் தன் சேவைகளைக் கட்டியது. வழிகள் வேறாயினும் இரண்டும் வளர்ந்தன.

பாட்டு முறைக்கும் மேகத்திற்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. பாட்டில் விதி செய்வோரும் விதிக்கு உட்படுவோரும் ஒரே நீரை நம்பி வாழ்வோர். குறை நேரின் கூடிப் பேசித் திருத்தலாம். மேகத்திலோ விலையும் விதியும் வகுப்பவர் உடையவரே. குடியிருப்பவர்க்கு எஞ்சுவது ஒப்பந்தமும் விலகிச் செல்லும் உரிமையுமே. அவ்வுரிமையும், தரவினைத் திரும்பப் பெறும் வழியைப் புகும் நாளிலேயே அமைத்துக்கொண்டார்க்கே பயன்படும்.

இது வணிகர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு மீன்பிடிப்பிற்குத் தடை உண்டு. அக்காலத்து உதவித்தொகை, அரசின் பதிவேட்டில் பெயர் உடையார்க்கே சேரும். அத்தகைய பதிவேடு இடம்பெயரும்போது ஒரு வரி விடுபட்டால், கணினிக்கு அது சிறுபிழை. ஒரு குடும்பத்திற்கு அதுவே அடுப்பு எரியாத நாள். ஆதலின் பெயர்த்தபின் பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் வரிதோறும் ஒப்பிட்டுப் பார்த்தல், பொறியியலார் தொழில் மட்டுமன்று, அறமும் ஆகும்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பர் பெரியோர். நீர்க்குப் பொருந்திய அவ்வறிவுரை மேகத்திற்கும் பொருந்துவதே.