எம்.எல்.ஏ. அலுவலகமா, குரூப் 4-ஆ?

பட்டப்படிப்பு முடித்து, தட்டச்சில் முதுநிலையும் தேறியவர்களுக்கு ஊரில் ஒரு வேலை தெரிந்தவர் மூலமாக வரும்: “எம்.எல்.ஏ. ஆபீஸ்ல லெட்டர் அடிக்க ஆள் கேக்குறாங்க.” வீட்டில் குரூப் 4 புத்தகங்கள் விரித்தபடி கிடக்கும். இரண்டுமே எழுத்தர் வேலைதான். ஆனால் அவை போய்ச் சேரும் இடம் வேறு வேறு.

முதலில், சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு வழியாக இளநிலை உதவியாளராகச் சேர்ந்தால் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்கும். அதன்மேல் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி உண்டு. பதவி உயர்வும் உண்டு. தொகுதி அலுவலகத்தில் உட்காருகிறவரோ பெரும்பாலும் உறுப்பினரே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஆள். பணிப்பதிவேடு கிடையாது. பேரவையின் காலம் 5 ஆண்டு. தேர்தல் தேதி அறிவித்ததும் வருவாய்த் துறையினர் வந்து அலுவலகத்தைப் பூட்டி சீல் வைப்பார்கள். அன்றைக்கு உங்கள் வேலையும் அந்தரத்தில் நிற்கும். அடுத்த முறை அவருக்கு சீட்டு கிடைக்குமா, கிடைத்தாலும் ஜெயிப்பாரா என்பது உங்கள் கையில் இல்லை.

இதை மட்டும் வைத்து அந்த வேலையைத் தள்ளிவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு எப்படி நகர்கிறது என்பதை அவ்வளவு சீக்கிரம் கற்றுத்தரும் இடம் வேறில்லை.

முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்” என்று இரண்டு வரி அடித்து, லெட்டர்பேடில் கையெழுத்து வாங்கிக் கொடுத்து அனுப்பலாம். அந்தக் கடிதம் தாலுகா அலுவலகக் கட்டோடு கட்டாகக் கிடக்கும். வேலை தெரிந்த எழுத்தர் பாஸ்புக்கை வாங்கி, கடைசியாக எந்த மாதம் பணம் ஏறியது என்று பார்ப்பார். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒப்பிடுவார். கடிதத்தை சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் பெயருக்கே எழுதி, மாதத்தையும் கணக்கு எண்ணையும் குறிப்பிட்டு, அலுவலக நகலில் தேதி போட்டு வைப்பார். பதினைந்து நாள் கழித்து நினைவூட்டல் எழுத அந்த நகல்தான் ஆதாரம். 1,200 ரூபாய்க்காகப் பஸ் ஏறி வருகிறவரின் அலைச்சலை மிச்சப்படுத்துவது இந்தக் கவனம்தான்.

தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு பாடம். ஆண்டுக்கு ஒரு தொகுதிக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைக்கும் பணிப் பட்டியல் ஆட்சியருக்குப் போய், மதிப்பீடு தயாராகி, நிர்வாக அனுமதி வந்து, அதன்பிறகுதான் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழும். எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று தினமும் போன் போட்டுக் கேட்டவருக்கு, பின்னாளில் அரசு அலுவலகத்தில் சேர்ந்தால் எதுவும் புதிதாக இருக்காது.

குரூப் 4-க்கு ஒரே எழுத்துத் தேர்வு: 200 கேள்வி, 300 மதிப்பெண். பாதிக் கேள்விகள் தமிழ்ப் பாடத்திலிருந்து. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான், ஆனால் போட்டியில் பட்டதாரிகள் நிறைந்திருப்பார்கள். இந்தப் படிப்புக்கு ஒழுங்கான நேரம் வேண்டும். தொகுதி அலுவலகத்தில் கல்யாண வீடு, துக்க வீடு, கட்சிக்கூட்டம் என்று ராத்திரி வரை இழுக்கும்.

ஆகவே என் யோசனை இது: வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யாரும் இல்லையென்றால் தேர்வையே முதலில் எழுதுங்கள். உடனே வருமானம் தேவை என்றால் தொகுதி அலுவலகத்தில் சேருங்கள். ஆனால் ஒரு தேர்வு அறிவிப்பைக்கூட விடாதீர்கள். அரசுப் பணியாளர் அரசியலில் ஈடுபட நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை. கட்சி வேலையில் உங்களுக்கே ஆர்வம் என்றால் தொகுதி அலுவலகம்தான் சரியான இடம். பேரவை நடப்பே உங்களை இழுக்கிறது என்றால், கோட்டையில் உள்ள சட்டப்பேரவைச் செயலகப் பணியிடங்களையும் தேர்வாணைய அறிவிப்புகளில் தேடிப் பாருங்கள்.

சேரும் முன் மூன்று விஷயத்தை முகத்துக்கு நேரே பேசிவிடுங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். மாலை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பது முடிவாக வேண்டும். வெற்று லெட்டர்பேடில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால், அதை உங்கள் பொறுப்பில் ஏற்காதீர்கள். அதில் ஒரு தாள் தவறான கைக்குப் போனாலும் முதலில் விசாரிக்கப்படுவது தட்டச்சு செய்தவர்தான்.