எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கிளட்ச் பெடல் கனத்துப்போனால், "வயர் காய்ஞ்சுபோச்சு, நாலு சொட்டு எண்ணெய் விடுங்க" என்பார்கள். சில சமயம் அது சரிதான். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால். கிளட்ச் கேபிள் பெடலில் தொடங்கி, வண்டியின் நடுவே ஓடும் குழாய்க்குள் புகுந்து, கடைசியில் வளைந்த ஓர் உறை வழியாக கியர்பாக்ஸ் பக்கத்து நெம்புகோலை அடைகிறது. அந்த உறை நேராக இருக்கக் கூடாது. 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை தொய்ந்திருக்க வேண்டும். தொய்வு குறைந்தால் வண்டி கிளம்பும்போது உதறும். கூடினால் பெடல் கனக்கும், கேபிளும் சீக்கிரம் அறும். உறையின் நுனியில் வாஷர் சேர்த்தோ எடுத்தோ சரிசெய்யும் வேலை இது. எண்ணெய்க்கு இங்கே வேலையே இல்லை. பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் 'பிளே' (கேபிள் இழுபடும் முன் உள்ள தளர்வு) இருக்கிறதா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

உறைக்குள் கம்பி ஓடும் இந்த ஏற்பாடு, எர்னஸ்ட் பௌடன் 1896-ல் காப்புரிமை பெற்றது. உள்கம்பி இழுக்கும்போது, அதே விசையை வெளியுறை அமுக்கமாகத் தாங்குகிறது. உறை நசுங்கியோ மடிந்தோ இருந்தால், உள்கம்பியை எண்ணெயில் குளிப்பாட்டியும் பயனில்லை.

எந்த எண்ணெயானாலும் போதும் என்பது அடுத்த நம்பிக்கை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நாளானால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40, ஈரத்தை விலக்கித் துருவைத் தடுக்க 1953-ல் உருவானது. அழுக்கைக் கழுவ நல்லது, நெடுநாள் மசகாக நிற்காது. கழுவிய பிறகு கேபிளைத் தொங்கவிட்டு, மேல்நுனியில் பாலிதீன் புனல் கட்டி, மெல்லிய மினரல் எண்ணெய் கீழே கசியும்வரை சொட்டு சொட்டாக விடுவதே முறை. உட்புறம் நைலான் அல்லது டெஃப்லான் பூசிய புதுக் கேபிளுக்கு இதுவும் வேண்டாம்.

ஸ்பீடோமீட்டர் முள் ஆடினாலும் எண்ணெய்தான் என்பார்கள். பீட்டிலில் இடது முன்சக்கரத்தின் மூடிதான் அந்தக் கேபிளைச் சுழற்றுகிறது. அதிகமாக விட்ட எண்ணெய், சுழலும் கம்பியின் முறுக்கில் ஏறி மீட்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். சிறிது கிரீஸ் தடவினால் போதும், மீட்டரை ஒட்டிய பகுதியை வெறுமனே விடுங்கள். முள் ஆட்டத்துக்குக் கேபிளின் கூர்மையான வளைவும் காரணமாக இருக்கலாம்.

பிரிந்த இழைகளைப் பற்றவைத்து ஓட்டலாம் என்பதை மட்டும் எந்த மெக்கானிக் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஆக்சிலரேட்டர் கேபிளில் பிரிந்த இழை குழாய்க்குள் சிக்கினால், காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் இறங்காது. ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.