பச்சை குத்துமுன் கேட்டறிய வேண்டியவை

நம் பாட்டிமார் கையில் காணும் பச்சைக் கோலத்திற்கான மையைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் எழுதியுள்ளார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்துத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்துக் குறத்தியர் எடுத்த கரியே அது. குத்துபவரே மையையும் செய்தார். இன்றோ மை புட்டியில் வருகிறது. ஆகவே அதன் பெயரையும் காலாவதி நாளையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகும். மை அதற்கும் கீழே தங்குவதாலேயே அழிவதில்லை. அங்கே இரத்த நாளங்கள் உண்டு. பிறருக்குக் குத்திய ஊசி நமக்கும் பட்டால் மஞ்சள்காமாலை, எய்ட்ஸ் கிருமிகள் எளிதில் புகுந்துவிடும். புதிய ஊசியின் உறையை நம் கண்முன்னே பிரிக்கச் சொல்ல வெட்கப்படலாகாது. சர்க்கரை நோயோ, தழும்பு தடித்து வளரும் தோலோ உடையவர் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரத்ததான முகாமுக்குப் பெயர் கொடுத்துள்ள நண்பர்கள் கவனிக்க: பச்சை குத்தியபின் 12 மாதங்களுக்கு நம் நாட்டில் இரத்தம் ஏற்கமாட்டார்கள்.

பெயரைக் குத்திக்கொள்வோர் அதைத் தாளில் எழுதிக் கொடுப்பது நலம். ணகரமும் னகரமும் மாறிவிட்டால், நம் தமிழ்த்துறைப் பேராசிரியரின் சிவப்பு மையாலும் திருத்த இயலாது!