வடகீழ்ப் பருவமழையும் நுளம்பு நோய்களும்: இலங்கையின் பிரதேசவாரி அபாயம்

இலங்கையில் டெங்கு ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை மாவட்டங்களில் தென்மேல் பருவமழையை ஒட்டியும் வடகீழ்ப் பருவமழையை ஒட்டியும் நோயாளர் தொகை ஏறும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய வடக்கு, கிழக்கு மாவட்டங்களில் ஏற்றம் பெரும்பாலும் டிசெம்பர், ஜனவரியில்தான். ஆகவே அங்குள்ளவர்கள் தயாராக வேண்டிய காலம் ஒக்டோபர், நவம்பர்.

நோயாளர் தொகையை மட்டும் வைத்து ஒரு பிரதேசத்தின் அபாயத்தைக் கணிப்பது பிந்திய கணிப்பாகும். முட்டை நுளம்பாக மாற 7 முதல் 10 நாள் ஆகிறது. நுளம்பின் உடலில் வைரஸ் பெருக 8 முதல் 12 நாளும், கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண மேலும் 4 முதல் 10 நாளும் செல்கின்றன. எனவே இன்றைய நோயாளர் பட்டியல் காட்டுவது ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முந்திய நிலைமையை. வரப்போவதைச் சொல்வது நுளம்பின் புழுப்பருவமான குடம்பிகளின் கணக்கெடுப்பு. நூறு வீடுகளைச் சோதித்தால் குடம்பியுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பதே பிரெட்டோ சுட்டெண். அது 5ஐத் தாண்டினால் அப்பகுதியைக் கவனிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக வழக்கில் உள்ள அளவுகோல். 1,86,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 400க்கும் மேற்பட்டோர் இறந்த 2017ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தக் கணக்கெடுப்பை அலட்சியம் செய்ய எந்தப் பிரதேசத்துக்கும் நியாயமில்லை.

எங்கே தேடுவது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கொழும்பில் கட்டுமானத் தளங்கள், பாடசாலைக் கூரைப் பீலிகள், கழிவுப் பாத்திரங்கள் முக்கியமானவை. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறுகளையும் சீமெந்துத் தொட்டிகளையும் பார்க்க வேண்டும். கடலோரத்தில் உவர்நீர் தேங்கிய சிரட்டையையும் டயரையும் விட்டுவிடக் கூடாது. அந்த நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் காணப்பட்டுள்ளன.

மலேரியாவின் கணக்கு வேறு. உள்நாட்டில் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார்; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதே காலப்பகுதியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகுவதால் நகரங்களும் அபாயத்துக்குள் வருகின்றன. மழை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணுவதும் தவறு. 1934–35இல் வறட்சியால் ஆறுகள் குட்டைகளாகிப் போனபோதுதான் கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியா பரவியது; நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். வழக்கமாக நோய் அரிதாயிருந்த இடங்களில் மக்களிடம் எதிர்ப்புச் சக்தி இல்லாததே இழப்பைப் பெருக்கியது. இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், பயண விவரத்தை வைத்தியரிடம் சொல்லி மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது, வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வளவு முழுவதையும் சுற்றிப் பார்ப்பது. நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டி, உலர்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆகவே உட்சுவரை உரசிக் கழுவ வேண்டும். தொட்டிகளை வலையால் இறுக மூட வேண்டும். மூட முடியாத கிணற்றில் குடம்பி தின்னும் மீன் விடலாம். புகை அடிப்பது பறக்கும் நுளம்பையே கொல்லும், குடம்பியை அல்ல. பூட்டிய வீடுகளும் வெற்று வளவுகளும் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமாகும்.

காய்ச்சல் கண்டால் பரசிட்டமோல் மட்டுமே எடுக்க வேண்டும். அஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரத்தப்போக்கைத் தூண்டக்கூடும். மூன்றாம் நாளில் முழுக் குருதி எண்ணிக்கை பார்ப்பது அவசியம். கர்ப்பிணிகள் முதல் நாளிலேயே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். டெங்குவில் உயிராபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில்தான் தொடங்குகிறது. அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.