ரத்தத்தின் மேல் போட்ட பழி

நம்பிக்கை: அமெரிக்கக் கறுப்பின மக்கள் ரத்தப் புற்றுநோயால் கூடுதலாகச் சாகிறார்கள் என்றால், அது அவர்கள் உடல்வாகு.

உண்மை: பாதி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் ஓடுகிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. சில ஆண்டுகள் முன்னதாகவும் வருகிறது. ஆனால் நோய் வருவது வேறு, வந்தபின் பிழைப்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே அரசு மருத்துவமனைகள் உண்டு. வெளியே உள்ளதுபோலன்றி, கையில் என்ன காப்பீடு இருக்கிறது என்பதை வைத்து அங்கே வைத்தியம் மாறுவதில்லை. அங்கு சிகிச்சை பெற்ற 15,000-க்கும் மேற்பட்ட மைலோமா நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2019-இல் வந்தது. 65 வயதுக்குக் குறைந்தவர்களில், நோய் தெரிந்தபின் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் கறுப்பினத்தவரிடம் சுமார் 7 ஆண்டுகள். வெள்ளையரிடம் 6 ஆண்டுகள்கூட இல்லை. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் பெரிய வித்தியாசம் இல்லை. குறைபட்ட உடல் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்தான் கூடுதல் நாள் இருந்திருக்கிறார்கள்!

வெளியே நடப்பது வேறு கதை. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் புதிய மருந்துகளும் கறுப்பின நோயாளிகளுக்குத் தாமதமாகவே கிடைக்கின்றன, பலருக்குக் கிடைப்பதே இல்லை.

நம்பிக்கை: குழந்தைகளுக்கு வரும் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயிலாவது இனம்தான் தீர்மானிக்கிறது.

உண்மை: சிகிச்சைக்குக் குடும்பத்திடம் பில் நீட்டாத மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2003-இல் பதில் சொல்லிவிட்டது: ஒரே தரமான சிகிச்சை கொடுத்தால் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகள் இரு தரப்பினரும் ஒரே அளவில் குணமாகிறார்கள்.

நம்பிக்கை: அப்படியானால் உடலில் எந்த வேறுபாடுமே இல்லை.

உண்மை: இதுவும் தவறு; நல்லெண்ணத்தில் சொல்லப்படும் தவறு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரிடம் 'டஃபி' என்ற புரதம் சிவப்பணுக்களின் மேல் இருக்காது. ஒருவகை மலேரியாவிலிருந்து அவர்களைக் காப்பது அந்த இல்லாமைதான். அதே மரபணு மாற்றத்தால் ரத்தத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாகத் தெரியும். மஜ்ஜையில் கோளாறு இல்லை, தொற்று கூடுவதும் இல்லை. ஆனால் புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பலவற்றில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,500 நியூட்ரோஃபிலாவது வேண்டும் என்று கோடு போட்டுவைத்தார்கள். பெரும்பாலும் வெள்ளையர் ரத்தத்தை எண்ணி வரைந்த கோடு அது. அதற்குக் கீழே நின்ற ஆரோக்கியமான ரத்தத்துக்கு அந்த ஆய்வுகளில் இடமில்லை.