குக்கீஸ் கேட்டால் பிஸ்கட் வராது!
(இணையத்தைப் புரிந்துகொள்வோம்)



பட்டா, சாதிச் சான்று, கரண்ட் பில் என்று எல்லா வேலையும் இணையத்துக்குப் போய்விட்டது. நம் குண்டனி நாட்டுப் பெண்கள் கையிலும் செல்போன் வந்துவிட்டது. ஆனால் ஒரு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தால், "நமக்கு இதெல்லாம் ஓடாது, பையன் வரட்டும்" என்று எடுத்து வைத்துவிடுகிறோம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். பாதி இடத்தில் குறை நம்மிடம் இல்லை. அந்தப் பக்கத்தை அமைத்தவர் நம்மை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்னும் சில இடங்களில் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். முதல் வகையைப் பார்த்துச் சிரிக்கலாம். இரண்டாவது வகையிடம் உஷாராக இருக்க வேண்டும்.

கடைசிப் பெயர் என்ன?

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ ஓர் எழுத்து, அதாவது இனிஷியல்தான் உண்டு. அதைப் போட்டால் "ஓர் எழுத்து போதாது" என்று சில தளங்கள் சிவப்பில் திட்டும். பயப்பட வேண்டாம். ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே எழுதுங்கள். இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி இருந்தால் பணம் வருவது தடைபடலாம். குழுவில் எல்லாரும் இரண்டையும் ஒரு முறை ஒத்துப் பாருங்கள்.

சிக்னல் விளக்கைக் கண்டுபிடி!

"நீ மனுஷியா, மெஷினா?" என்று சோதிப்பதற்குப் பெயர் கேப்ட்சா. படம் காட்டி, சிக்னல் விளக்கைத் தொடு, சாலையோரத் தீயணைப்புக் குழாயைத் தொடு என்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நமக்கு, அமெரிக்கத் தெருக் குழாய் எப்படித் தெரியும்? 2007-ல் வந்த ரீகேப்ட்சா என்ற சோதனையில் இன்னொரு வேடிக்கை. மக்கள் தட்டிய சொற்களை வைத்தே பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றினார்கள். களை எடுக்கப் போனாலும் கூலி உண்டு, இதற்குக் கூலி இல்லை! படம் புரியாவிட்டால் பக்கத்தில் உள்ள வட்ட அம்புக்குறியைத் தொடுங்கள். வேறு படம் வரும்.

குக்கீஸ் என்றால்?

"குக்கீஸ் ஏற்கிறீர்களா?" என்று கேட்டால் பிஸ்கட் எதுவும் வராது. நீங்கள் யார், எதைப் பார்த்தீர்கள் என்று அந்தத் தளம் உங்கள் போனில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு அது. மளிகைக் கடைக்காரர் வைத்திருக்கும் பற்று நோட்டு மாதிரி. உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள உதவும். உங்கள் ஆசை என்ன என்று தெரிந்து விளம்பரம் காட்டவும் உதவும். "வேண்டாம்" என்ற பொத்தான் இருந்தால் அதைத் தொடலாம், தப்பில்லை.

பெரிய பச்சை, சின்ன சாம்பல்

"சம்மதம்" என்பது பெரிதாக, பச்சையாக மின்னும். "வேண்டாம்" என்பது சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி மூலையில் இருக்கும். "இன்னும் 5 நிமிடம்தான்" என்று கடிகாரம் ஓடும். நாம் கேட்காத பொருளும் கூடையில் ஏறியிருக்கும். சந்தையில் இப்படி எடை போட்டால் சும்மா விடுவோமா? இதற்கு "டார்க் பேட்டர்ன்" என்று பெயர். இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டு, அவை கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் விதி வெளியிட்டது. ஏமாந்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நமக்கு ஒரே மருந்துதான்: நிறத்தைப் பார்த்துத் தொடாதீர்கள், எழுத்தைப் படித்துத் தொடுங்கள்.

முகவரியும் பஸ் போர்டும்

"சேந்தமங்கலம் வழி நாமக்கல்" என்று போர்டு இருந்தால், பஸ் போய் நிற்கும் ஊர் நாமக்கல். இணைய முகவரியும் அப்படித்தான். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் இருப்பதே கடைசி ஊர். நம் அரசுத் தளங்கள் பெரும்பாலும் "ஜி.ஓ.வி. டாட் இன்" என்று முடியும். போலித் தளத்தில் அதே எழுத்துகள் நடுவில் "வழி" மாதிரி இருக்கும், முடிவில் வேறு ஏதோ இருக்கும். கடன் தருகிறோம், மானியம் தருகிறோம் என்று வரும் லிங்க்கை இப்படிப் படித்துப் பாருங்கள். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் அதன் பொருள். போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் யோக்கியர் என்று பூட்டு சொல்லாது.

நல்ல அமைப்பு எப்படி இருக்கும்?

நம் மலையில் சாமை, தினை வேலையால் நமக்குத் தெரிந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998-ல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் தெரிய வேண்டும். அந்தத் தகவல் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்தது. மையத்தில் அதை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொடவே வேண்டியதில்லை! மக்களுக்கு ஏற்றபடி தகவல் வர வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆகவே புரியாத பக்கத்தைப் பார்த்து வெட்கப்படாமல், "இது ஏன் தமிழில் இல்லை?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

நினைவில் வையுங்கள்

• நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது திருட்டு.
• ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்.
• பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் போன்களுக்கு இந்த மாதம் வந்த லிங்க்குகளில் எது அரசு முகவரி, எது போலி?
2. யாருக்காவது ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் மாறியிருக்கிறதா?
3. படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் போனில் துணை நிற்பது யார்?